மகன் ‘ஆமென்’ சொல்வதில்லை

வாசகர் கடிதம்

கனம் போதகர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 54. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். அவர் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக் குடும்ப ஜெபம் நின்றதில்லை. இப்போது அது பெயரளவுக்கு நடக்கிறது. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் மகன் (24) ஊருக்கு வரும்போது ஜெபத்தில் வந்து உட்காருகிறான். பாடுவதில்லை, ஜெபம் முடியும்போது ஆமென் சொல்வதும் இல்லை. கேட்டால், “நம்பாத ஒன்றை வாயால் மட்டும் சொல்ல எனக்கு இஷ்டமில்லை அப்பா” என்கிறான். கல்லூரியில் படிக்கும் மகள் சொன்னதைச் செய்கிறாள், அவ்வளவுதான். என் மனைவி செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து ஊரில் ஒரு சுயாதீன சபையின் உபவாச ஜெபத்துக்குப் போய்வருவது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளாக வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழுவில்) இருப்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. (சேகரத் தேர்தலுக்குப் பிறகு என் தம்பியோடு பேச்சு இல்லை, அது வேறு விஷயம்.) அடுத்த மாதம் நடக்கும் மூன்று நாள் எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) உபவாசக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறேன். மகனைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா? எங்கள் குடும்பம் ஆவிக்குரிய விதத்தில் புதுப்பிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும்?

போதகரின் பதில்

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

மகனைப் பற்றியும் மனைவியைப் பற்றியும் மிகுந்த வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் இந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தபோது, இதில் முதலாவது கவனிக்கப்பட வேண்டியவர் நீங்கள்தான் என்று எனக்குப் பட்டது. பழைய ஏற்பாட்டின் கடைசி வசனம் குடும்பத்தைப் பற்றியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலியா தீர்க்கதரிசியை அனுப்புவேன் என்று வாக்களிக்கிற கர்த்தர், அவன் வந்து பிதாக்களுடைய இருதயத்தைப் பிள்ளைகளிடத்திற்கும், பிள்ளைகளுடைய இருதயத்தை அவர்கள் பிதாக்களிடத்திற்கும் திருப்புவான் என்கிறார். பிதாக்களுடைய இருதயம் அங்கே முன்னால் வருகிறது. அந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் எண்ணவில்லை. வீட்டில் எழுப்புதல் வேண்டுமென்று என்னிடம் வருகிற தகப்பன்மார் பெரும்பாலும் பிள்ளைகளின் பட்டியலோடுதான் வருகிறார்கள். நீங்கள் உங்களைப் பற்றியும் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

மகனிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் அவனிடமிருந்துதான் தொடங்கினீர்கள். “நம்பாத ஒன்றை வாயால் மட்டும் சொல்ல இஷ்டமில்லை” என்று அவன் சொன்னதை நீங்கள் அவிசுவாசத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. தேவனுடைய நாமத்தை வீணாய் வழங்காதிருப்பாயாக என்ற கற்பனையை உங்கள் வீட்டில் இப்போது மிகவும் கண்டிப்பாகக் கைக்கொள்ளுகிறவன் அவனாக இருக்கக்கூடும். உதட்டினால் கனம்பண்ணி இருதயத்தைத் தூரமாய் வைத்திருக்கிற ஜனத்தைப் பற்றி ஏசாயா சொன்னதை ஆண்டவர் பரிசேயரிடம் எடுத்துச் சொன்னார். அவர் உயிர்த்தெழுந்ததை, ஆணிகளின் காயத்தைக் காணாவிட்டால் விசுவாசிக்கமாட்டேன் என்ற சீஷன் தோமாவிடமோ, விரலை நீட்டிப் பார் என்றார். எட்டு நாளுக்குப் பின்பும் தோமா மற்றச் சீஷரோடுதான் இருந்தான்; சந்தேகப்படுகிறான் என்பதற்காக யாரும் அவனை அறையை விட்டு வெளியே அனுப்பவில்லை. உங்கள் மகனும் எழுந்து போய்விடவில்லை, வந்து உட்காருகிறான். விடுமுறைக்கு வருகிற எத்தனையோ பிள்ளைகள் ஜெப நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விடுகிற இந்த நாட்களில், அவன் உங்களுக்குக் கொடுக்கிற மரியாதை சிறியதல்ல.

உங்கள் வீட்டு ஜெபத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் குடும்ப ஜெபம் எப்படி நடக்கிறதென்று தெரியும். எட்டு மணிக்குத் தொலைக்காட்சி நிறுத்தப்படுகிறது. பாய் விரிக்கப்படுகிறது. ஒரு கீர்த்தனை, முழுவதும் அல்ல, பல்லவியும் இரண்டு சரணமும். ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாக. அதன்பின் தகப்பனார் கண்களை மூடுகிறார், கால் மணி நேரம் ஜெபிக்கிறார். முதல் சில நிமிடங்கள் தேவனைத் துதிக்கிறார். அதன்பின் மெல்ல மெல்ல அந்த ஜெபம் தேவனை விட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் திரும்பிவிடுகிறது. “ஆண்டவரே, செல்போனுக்கு அடிமையாயிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும், கெட்ட சிநேகிதத்தை விட்டு விலக்கும், பெற்றோரின் கண்ணீரை உணரச் செய்யும்” என்று அவர் சொல்லும்போது, சொல்லப்படுகிறவன் இரண்டு அடி தூரத்தில் கண்களை மூடி உட்கார்ந்திருக்கிறான். அவனால் பதில் சொல்ல முடியாது. ஜெபத்தின் நடுவே யாரும் பேசுவதில்லை. முகம் பார்த்துச் சொல்லத் துணியாத கண்டனத்தை, தேவனைச் சாட்சியாக நடுவில் நிறுத்தி, மறுமொழிக்கு இடமில்லாத நேரத்தில் சொல்லிவிட்டு, முடிவில் அவனையும் ஆமென் சொல்லும்படி எதிர்பார்க்கிறோம். தன்மீது வாசிக்கப்பட்ட குற்றப்பத்திரிகைக்கு எந்த மனிதன் ஆமென் சொல்லுவான்?

இது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள். பொருந்தினால் இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயருக்கு எழுதின நிருபத்தில் பவுல் பிதாக்களுக்கு மட்டும் தனியாக ஒரு கட்டளை வைத்திருக்கிறார். மனந்தளர்ந்துபோதல் என்பது கீழ்ப்படியாமையைவிட ஆழமான காயம். கீழ்ப்படியாதவன் சண்டை போடுவான், மனந்தளர்ந்தவன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். மகனைப் பற்றி தேவனிடம் சொல்ல வேண்டியவை உங்களுக்கு நிறைய இருக்கும். அந்த மூன்று மணி விழிப்பில், கதவைப் பூட்டிக்கொண்டு சொல்லுங்கள். அவன் முன்னால் ஜெபிக்கும்போது அவனுக்காக நன்றி சொல்லக்கூடிய ஒன்றைத் தேடி எடுத்துச் சொல்லுங்கள், அது உண்மையாக இருக்கட்டும்.

ஒரு மெதடிஸ்டு பின்னணி எனக்கு இருப்பதாலோ என்னவோ, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எப்வொர்த் குருமனை (குருவானவரின் வீடு) நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள அந்தச் சிற்றூரின் குருவானவர் சாமுவேல் வெஸ்லி. அவர் மனைவி சூசன்னா. அப்போது நாட்டில் அரசுரிமைத் தகராறு ஓய்ந்திருக்கவில்லை. ஆட்சியில் இருந்தவர் மூன்றாம் வில்லியம், நாட்டை விட்டு ஓடியவர் இரண்டாம் ஜேம்ஸ். ஜேம்ஸின் வம்சமே உரிமையுள்ளது என்பது சூசன்னாவின் மனச்சாட்சி. ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் கணவர் அரசர் வில்லியமுக்காக ஜெபித்தபோது மனைவி ஆமென் சொல்லவில்லை. சாமுவேல் அதைக் கவனித்தார், காரணம் கேட்டார். நமக்கு இரண்டு அரசர்கள் என்றால் இரண்டு படுக்கைகளும் இருக்கட்டும் என்று சொல்லி, அவள் மன்னிப்புக் கேட்கும்வரை சேர்ந்து வாழ்வதில்லை என்று ஆணையிட்டு, லண்டனுக்குப் போய்விட்டார். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. 1702-இல் வில்லியம் இறந்து ஆன் அரசி பட்டத்துக்கு வந்தபின்னும், அவ்வாண்டில் குருமனையில் தீப்பிடித்து வீட்டின் ஒரு பகுதி எரிந்தபின்னும்தான் இருவரும் ஒன்றுசேர்ந்தார்கள். 1703 ஜூன் மாதத்தில் அந்த வீட்டில் பிறந்த குழந்தை, பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. உலகமெங்கும் எழுப்புதலின் பெயராக நாம் சொல்லும் மனிதன், குடும்ப ஜெபத்தில் ஒரு ஆமென் கேட்டு உடைந்துபோன வீட்டில், அந்த உடைவு சரியானபின் பிறந்தவன். பதவித் தகராறு வீட்டு ஜெபத்தைக் கெடுப்பது நம் சேகரங்களில்தான் முதல்முறை என்று எண்ணவேண்டாம்.

அதே சூசன்னாவிடம் நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம் வேறொன்று உண்டு. 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைக் குழந்தையிலேயே இழந்து, கடன்பட்ட வீட்டை நடத்திய அந்தத் தாய், உயிரோடிருந்த பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒவ்வொரு மாலையாகப் பங்கிட்டு, அந்தப் பிள்ளையோடு மாத்திரம் தனியே உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த காலத்தில், அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியைத் தமக்காக ஒதுக்கமுடியுமா என்று தாய்க்கு எழுதிக் கேட்டிருக்கிறார். குடும்ப ஜெபம் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்கும். ஒருவனைத் தனியாகக் கேட்காது. உங்கள் மகனிடம் நீங்கள் கடைசியாக அவன் வேலையைப் பற்றி, அவன் அறையில் யாரோடு தங்கியிருக்கிறான் என்பதைப் பற்றி, அவனுக்கு நம்பிக்கை எப்போது தளர்ந்தது என்பதைப் பற்றி, திருத்தும் நோக்கமில்லாமல் கேட்டது எப்போது? வாரத்தில் ஒரு இரவு நீங்களே போன் பண்ணுங்கள். முதல் சில வாரம் ‘சாப்பிட்டாயா’ என்பதற்கு மேல் பேச்சு வராது. பரவாயில்லை. அவன் ஒரு நாள் கேள்வி கேட்பான். பிற மதத்து நண்பர்களின் இரட்சிப்பைப் பற்றியோ, சபைக்குள் இருக்கும் சாதியைப் பற்றியோ, சபைச் சொத்து வழக்குகளைப் பற்றியோ இருக்கலாம். அந்த வயதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இவைதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவன் சொல்லும் குற்றச்சாட்டு நியாயமாக இருந்தால், சபையைக் காப்பாற்றுவதற்காக அதை மறுக்காதீர்கள். தகப்பன் உண்மை பேசுகிறான் என்று அவன் கண்டால், தகப்பன் தொழுகிற தேவனைப் பற்றி யோசிக்க அவனுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்.

இனி அடைப்புக்குறிக்குள் நீங்கள் வைத்த வரிக்கு வருகிறேன். தம்பியோடு பேச்சு இல்லை, அது வேறு விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது வேறு விஷயம் அல்ல.

எந்தத் தேர்தல், யார் எந்த அணி, யார் யாருக்கு விரோதமாக வாக்குச் சேகரித்தார் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. உங்கள் பக்கமே நியாயம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளாக உள்ளே ஒன்றும் அசைவதில்லை என்று நீங்கள் எழுதியதும், தேர்தலுக்குப் பிறகு பேச்சு இல்லை என்று எழுதியதும் ஏறக்குறைய ஒரே காலமாக இருக்குமோ என்று மாத்திரம் உங்களைக் கேட்கிறேன். இது ஒன்றே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்து, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூருவாயானால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முன்பு போய்ச் சமாதானம் பண்ணு என்று ஆண்டவர் சொன்னபோது, யார்மேல் குற்றம் என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு நினைவு வந்ததோ அவன் எழுந்து போகவேண்டும். எனக்கு எழுதிய கடிதத்தில் அந்த நினைவு உங்களுக்கு வந்துவிட்டது.

நம்முடைய திருவிருந்து ஆராதனை முறைமையில் சமாதானம் கொடுக்கிற பகுதி ஒன்று உண்டு. 1947-இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உண்டானபின், 1950-இல் வெளியான திருவிருந்து முறைமையிலேயே அது இடம்பெற்றது. குருவானவர் தரும் சமாதானத்தைக் குவித்த கைகளால் வாங்கி, அடுத்திருப்பவருக்கு, அவர் தம் அடுத்தவருக்கு என்று சபை முழுவதும் கொடுத்துக்கொண்டே போகிற ஒழுங்கு. இணைவதற்கு முன்பு ஒருவர் பந்தியில் ஒருவர் சேராதிருந்த சபைகளுக்கு அந்தக் கைகளின் செயல் அர்த்தமற்ற சடங்காக இருந்திருக்க முடியாது. இன்றைக்கோ சில ஆலயங்களில், தேர்தல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் கையைத் தொடவேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்து ஜனங்கள் பெஞ்சு மாறி உட்காருகிறார்கள். நீங்களும் உங்கள் தம்பியும் ஒரே ஆலயத்தில் ஆராதிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஆலயம் என்றால், உங்கள் மகனும் மகளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பா வீட்டுக்குப் போகாதே என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஆகையால் தம்பி வீட்டுக்குப் போங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும் இடத்தில் போய்க் கைகொடுக்க வேண்டாம். அது அவரை ஊர் முன்னால் சிக்கவைப்பதாகும். வாரநாள் ஒன்றின் மாலையில் போங்கள். நடுவே ஆள் வைக்காதீர்கள், போனில் பேசாதீர்கள், முன்னறிவிப்பும் வேண்டாம். தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காதீர்கள். “இத்தனை நாள் வராதது என் தப்பு” என்பது போதும். ‘நீயும்தான்’ என்று சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் போன காரியம் கெட்டுப்போகும். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தால், சர்க்கரை வியாதி இருந்தாலும், அதைக் குடித்துவிட்டு வாருங்கள். கதவு திறக்காவிட்டால் திரும்பி வந்து ஒரு சிறு கடிதம் எழுதி அனுப்புங்கள், சில மாதம் கழித்து மறுபடியும் போங்கள். கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதும்போது, நம்மாலாகாத ஒரு பங்கு மற்றவரிடம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொண்டுதான் எழுதினார். இன்னொன்று: நடந்ததை உடனே சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லிவிடாதீர்கள். அண்ணன் தாழ்த்தின கதை ஊரில் சொல்லப்பட்டால் தம்பி சிறுத்துப்போவார்.

ஜான் வெஸ்லியையே இன்னொரு முறை எடுத்துக்கொள்கிறேன். அவர் குருப்பட்டம் பெற்றவர், ஒழுங்காக உபவாசித்தவர், அமெரிக்காவில் ஜார்ஜியா வரைக்கும் ஊழியத்துக்குப் போனவர். அங்கே ஊழியம் தோல்வியாகி, 1738-இல் தம் விசுவாசத்தைப் பற்றியே சந்தேகத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவ்வாண்டு மே 24 மாலையில் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போனதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது, கிறிஸ்து தம்முடைய பாவங்களையே எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்குக் கிடைத்தது. தம் இருதயம் அனலடைந்தது என்ற அந்த வரியை எல்லாரும் பிரசங்கத்தில் சொல்லுகிறோம். அதற்கு அடுத்துவரும் வரியை அதிகம் சொல்லுவதில்லை: தம்மை நிந்தித்துத் துன்பப்படுத்தினவர்களுக்காக முழுப் பலத்தோடும் ஜெபிக்கத் தொடங்கினாராம். எரிச்சலும் வழக்குமாக முடிந்த ஜார்ஜியா அனுபவத்துக்குப் பின் அந்த வரி எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், புதுப்பிக்கப்படுதலின் முதல் கனி என்னவென்று நமக்கு விளங்கும்.

உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் இப்போது உணர்வில்லாமை, வெளியே காட்டிக்கொள்ள முடியாத சுமை. இவை மூன்றும் சேர்ந்து வருமானால் அது ஆத்துமாவின் வறட்சி மாத்திரம் அல்ல, சரீரத்தின் நோயாகவும் இருக்கலாம். மனச்சோர்வு நோய் இப்படித்தான் பலருக்குத் தொடங்குகிறது. சர்க்கரை, தைராய்டு போன்றவையும் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். முதலில் உங்கள் குடும்ப வைத்தியரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். விசுவாசியான ஒருவன் மாத்திரை சாப்பிடலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன எலியாவுக்கு தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கினவனை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவனுடைய அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது அதற்கும் நாற்பது நாள் நடந்தபின்பே. மனம் மிகவும் கனத்து, உயிரோடிருப்பதே வேண்டாமென்று எப்போதாவது தோன்றினால், ஒரு நாளும் தாமதியாமல் மனைவியிடமோ மருத்துவரிடமோ அதைச் சொல்லிவிடுங்கள்.

மனைவி செவ்வாய்க்கிழமை போவதைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தில் கோபத்தைவிட வெட்கம் அதிகம் தெரிகிறது: கமிட்டி உறுப்பினரின் மனைவி வேறு சபைக்குப் போகிறாள் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம். அவரிடம் போய், “ஏன் போகிறாய்” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த மனைவியும் தற்காப்பாகத்தான் பதில் சொல்லுவார். அங்கே எதற்காக ஜெபிக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் மகனுக்காகவும், பேசாமல் போன உங்களுக்காகவும் இருக்கும். நம் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, ஆனால் அங்கே கமிட்டி உறுப்பினரின் மனைவி அழ முடியாது. பக்கத்து ஊரில் அவரைத் தெரிந்தவர் இல்லாததால் அழ முடிகிறது. முழுக்கு ஞானஸ்நானம் பற்றியும் உபதேச வேறுபாடுகளைப் பற்றியும் பிற்பாடு பேசிக்கொள்ளலாம். நகையையோ பணத்தையோ பொருத்தனையாகக் கொடுக்கச் சொல்லி நெருக்குகிறார்களா, மருந்தை நிறுத்தச் சொல்லுகிறார்களா என்ற இரண்டை மாத்திரம் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் தடுக்க வேண்டியது உங்கள் கடமை. இல்லையென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்களே வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே காத்திருங்கள். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் புருஷனின் ஜெபங்களுக்குத் தடைவரும் என்று பேதுரு எழுதியிருப்பதையும் உங்கள் வறட்சியோடு சேர்த்து யோசியுங்கள்.

மகளைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். சொன்னதைச் செய்கிற பிள்ளைகளைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. ஆண்டவர் சொன்ன கெட்டகுமாரன் உவமையில், தகப்பன் வீட்டிலேயே இருந்து எல்லாக் கற்பனையையும் கைக்கொண்ட மூத்த குமாரன்தான் கடைசியில் விருந்துக்கு உள்ளே வராமல் வெளியே நின்றான். அவளுக்கும் ஒரு மாலை வையுங்கள்.

இரவு ஜெபத்தை நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். ஒரு பாட்டு, முழுவதும். வேதத்தில் ஒரு சிறு பகுதி. சுவிசேஷங்களிலிருந்து எடுத்தால் நல்லது. வாசித்தபின் விளக்கம் சொல்லாதீர்கள். ஆசிரியருக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நடத்துகிற முறை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவருக்கு வரட்டும், மனைவிக்கும் மகளுக்கும். பரமண்டல ஜெபத்தோடு பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மகன் ஊரில் இருக்கும் நாளில், வாசிக்கிற பங்கை அவனுக்குக் கொடுக்கலாம், அவன் சம்மதித்தால். வாசிப்பதற்கு விசுவாச அறிக்கை தேவையில்லை. அவன் ஆமென் சொன்னானா என்று கண் திறந்து பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் இவைகளைக் குறித்துப் பேசு என்று உபாகமம் சொல்லுகிற நான்கு நேரங்களில் மூன்றை நாம் மறந்து, ஒன்றை மாத்திரம் எட்டு மணிக்குப் பிடித்துவைத்திருக்கிறோம்.

கடைசியாக அந்த மூன்று நாள் கூட்டம். நான் கூட்டங்களுக்கு விரோதி அல்ல. 1860-இல் நம் திருநெல்வேலிச் சீமையிலேயே, கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் என்ற சுதேச ஊழியரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில், ஜனங்கள் பாவத்தை உணர்ந்து வாய்விட்டு அறிக்கையிட்டார்கள். 1930-களில் ருவாண்டா, உகாண்டா நாடுகளில் பரவிய எழுப்புதலில், திருடினதைத் திருப்பிக்கொடுப்பதும் பகைத்தவனிடம் போய் மன்னிப்புக் கேட்பதும் அதன் அடையாளங்களாயின. மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாவிட்டாலும் அவை நடந்திருக்கும்; அவை நடக்காவிட்டால் மேடையும் ஒலிபெருக்கியும் இருந்து பயனில்லை. ஆகவே நீங்கள் போங்கள், ஆனால் தம்பி வீட்டுக்குப் போய் வந்தபின் போங்கள். மகனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். “நானும் அம்மாவும் போகிறோம், உனக்கு விருப்பமானால் வா” என்று ஒருமுறை சொல்லுங்கள், இரண்டாம் முறை நினைவூட்டாதீர்கள். அவன் வராமல் வீட்டில் இருந்தால் திரும்பி வந்து கூட்டத்தின் செய்தியை அவனுக்குச் சொல்லாதீர்கள், அவனாகக் கேட்டாலொழிய. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மூன்று நாள் உபவாசம் இருக்கவும் கூடாது.

கமிட்டிப் பொறுப்பை விட்டுவிடலாமா என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. சோர்ந்திருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள்; தம்பியோடு சமாதானமாகி, சில வாரம் தூங்கி எழுந்தபின் யோசிக்கலாம். இவையெல்லாவற்றையும் உங்கள் சேகரகுருவிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். அவர் தேர்தலில் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று உங்களுக்குத் தோன்றினால், ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர் அருகில் எங்காவது இருப்பார், அவரிடம் போங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள். தம்பி வீட்டில் என்ன நடந்தது என்பதை முதல் வரியில் எழுதுங்கள், அடைப்புக்குறி இல்லாமல்.